ஒன்று என்று சொல்லவேண்டிய கருவி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து சால்ட் லேக்கில் இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு புரோகிராம் தான் எடுத்துக்கொண்ட மெமரியைத் திருப்பித் தராமல் விட்டுவிட்டால் அது லீக். அப்படிப்பட்ட லீக்குகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை எங்கள் வங்காளி சீனியர் எழுதியிருந்தார். அதைச் சோதிப்பது என் வேலை.

வேண்டுமென்றே லீக் ஆகும் புரோகிராம்களை எழுதி ஓட்டுவேன். எத்தனை லீக் என்று எனக்குத் தெரியும். கருவியும் அதையே சொல்லவேண்டும். சொல்லிக்கொண்டுதான் இருந்தது, பத்து த்ரெட்கள், அதாவது ஒரே புரோகிராமின் தனித்தனி வேலைச் சரடுகள், ஒரே நேரத்தில் வேலை செய்யும் புரோகிராம் ஒன்றை நான் எழுதும்வரை. ஒன்பது த்ரெட்கள் எடுத்ததைத் திருப்பித் தரும், ஒன்று தராது. கருவி முதல் தடவை ஒன்று என்றது. அடுத்த தடவை மூன்று.

கருவியை எழுதிய சீனியரிடம் போனேன். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் தாதா, வங்காளத்தில் அண்ணன். தன் கம்ப்யூட்டரில் இருபது தடவை ஓட்டினார். இருபதிலும் ஒன்றுதான் வந்தது.

"தேக்கோ, ஷொப் டிக் ஆச்சே," என்றார். எல்லாம் சரி, உன் டெஸ்டில்தான் கோளாறு என்று அர்த்தம்.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டு, "பெரியவர் சொல்றார், ஒத்துண்டு போயேன்டி," என்றாள்.

"தப்பு இருந்தா சொல்லத்தானேம்மா எனக்குச் சம்பளம்?" என்றேன்.

என் புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். தப்பில்லை. தாதாவின் கம்ப்யூட்டரில் ஒரே ப்ராசஸர். அதில் த்ரெட்கள் மாறி மாறித்தான் ஓடும், மோதுவது அபூர்வம். நான் ஓட்டியது சர்வர் ரூமில், இரண்டு ப்ராசஸர் இருந்த ஒரே மெஷினில். ஒன்பது த்ரெட்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்து, ஒரே கணத்தில் மெமரியைத் திருப்பித் தரும்படி மாற்றி எழுதினேன். தாதாவை அங்கே அழைத்துப் போனேன்.

நான்கு. ஐந்து. மூன்று. ஒரு தடவைகூட ஒன்று வரவில்லை.

"திருப்பித் தந்ததைக் குறிச்சுக்கற உங்க லிஸ்ட்ல ரெண்டு த்ரெட் ஒண்ணா எழுதறது, தாதா. ஒண்ணோட பதிவு அழிஞ்சுபோய், அதையும் லீக்னு எண்ணிடறது," என்று வங்காளத்தில் சொன்னேன்.

"சா காபே?" என்றார் தாதா, டீ குடிக்கிறாயா என்று. டீ வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எழுதும்படி லிஸ்டுக்கு ஒரு பூட்டுப் போட்டார். ஆயிரம் தடவை ஓட்டினேன், ஆயிரத்திலும் ஒன்றுதான். அடுத்து எழுதிய பகுதியை அவராகவே முதலில் என்னிடம் கொண்டுவந்தார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன.