சீவலப்பேரிப் பாசியும் அரை வாளித் தண்ணீரும்

1996 ஜனவரி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிகத் தாவரவியல் ஆசிரியர். அன்று மதியம் இரண்டு மணிக்கு ஓர் அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் என்ன எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் வேலை நிலைக்கும். ஒளிச்சேர்க்கையைக் கண்ணால் காட்டுகிறேன் என்று வாய்விட்டிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அதற்காகத் தொட்டியில் போட்டுவைத்த ஹைட்ரில்லா என்ற நீர்ப்பாசி அழுகிக் கிடக்கிறது. என் தலையெழுத்து.

சீவலப்பேரி வாய்க்காலில் கிடைக்கும் என்றார்கள். 9.10 டவுன் பஸ், டிக்கெட் இரண்டு ரூபாய். இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்று நினைப்பு. 10.05க்கு இறங்கி, வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

வாய்க்காலில் ஓர் அக்கா பாசியை வாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்.

"என்னத்த தேடுதிய சார்வாள்?"

"அந்தப் பாசிதான்க்கா. வெயில்ல வச்சா குமிழ் விடும். பிள்ளைகளுக்குக் காட்டணும்."

சிரித்துவிட்டார். "நாங்க இத ஒழிக்கப் பாடுபடுதோம், நீங்க பஸ் ஏறி வந்து தேடுதிய." என் வாளியில் பாசியையும் தண்ணீரையும் நிரப்பிக் கொடுத்தார். "கனமா இருக்குன்னு தண்ணிய கொட்டிராதிய. வேற தண்ணி அதுக்கு ஆகாது."

பதினொரு மணி பஸ் வரவே இல்லை. எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்தேனோ. 12.20க்கு வந்த வண்டியில் கண்டக்டர், "அண்ணாச்சி, பாதியக் கொட்டிட்டு ஏறுங்க" என்றார். கொட்டினேன்.

பள்ளிக்கூடம் சேர மணி 1.15. வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதிகாரி பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, குடிக்கக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். பாசியைப் புனலால் மூடி, மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைத்தேன். இரண்டு மணிக்கு அதிகாரி வந்து உட்கார்ந்தார். 2.20 வரை ஒரு குமிழ்கூட இல்லை.

"உங்க செடிக்கு இன்னைக்கு விடுமுறையா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபிறகுதான் உறைத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் வெயிலும் சேர்ந்தால்தான் செடி உணவு சமைக்கும், ஆக்சிஜனை வெளிவிடும். கொதிக்கவைத்தால் அந்த வாயு ஓடிப்போகும். முந்தின நாள் நானே கரும்பலகையில் எழுதிப்போட்டது! குவளையில் இருந்ததைக் கொட்டிவிட்டு, மீதி அரை வாளி வாய்க்கால் தண்ணீரிலிருந்து ஊற்றினேன். 2.45க்குக் குமிழ்கள் வரிசையாக ஏறின. பிள்ளைகள் சத்தம்போட்டு எண்ணினார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். ஜீப் போய்விட்டிருந்தது.

ஏப்ரலோடு வேலை போயிற்று.

பாசி தேடிப் போகும் ஆசிரியர்களுக்கு: முதல் நாளே போங்கள். மூடியுள்ள வாளி கொண்டுபோனால் கண்டக்டர் தொந்தரவு இல்லை. கலங்கலைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். அந்த அரை வாளித் தண்ணீர் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம்தான் போதவில்லை.