ஸ்வீட்ஹார்ட் ராஜமாணிக்கம்

டீயைச் சாசரில் ஊற்றி, சுண்டுவிரலை மட்டும் தனியே நீட்டிக்கொண்டு உறிஞ்சுகிறார் ராஜமாணிக்கம். தலையில் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தொப்பி. காது வரை இறங்குகிறது. கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எதிர்க் கடைப் பெஞ்சில் சாயங்காலம் உட்கார்ந்தால், கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஓர் அதிகாரியின் பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் பட்லர். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்ததும் துரை கப்பலேறிவிட்டார். துரையின் இங்கிலீஷ் மட்டும் இவரிடமே தங்கிவிட்டது. காதல் கடிதத்தில் ஒரு வார்த்தை புரியவில்லையா, ஷிப்டு முடிந்து வரும் வாலிபர்களுக்கு இவர்தான் கதி.

அன்றைக்கு வந்தவன் டேவிட். "அண்ணே, ஸ்வீட்ஹார்ட்னா இன்னா?"

"ஆதியில அது ரெண்டு வார்த்தை. ஆசப்பட்டவங்களப் பாத்தா மாரு தடதடன்னு அடிச்சிக்குது பாரு, அந்த நெஞ்சுக்குத்தான் வெள்ளக்காரன் இனிப்புன்னு பேரு வெச்சான். எத்தினியோ நூறு வருசத்துப் பேச்சு. தொரையே சொன்னாரு."

"அப்போ நெஞ்சுன்னு அர்த்தமா?"

"அட போடா! அது ஆதி. அர்த்தம் வேற. தொரை அத ஒருநாளும் சும்மா சொன்னதில்ல. ஸ்வீட்ஹார்ட்னா, பின்னாலயே 'என் கண்ணாடி எங்க', 'ஜன்னல சாத்து'. சொன்னவங்க உக்காந்துகினு இருப்பாங்க, கேட்டவங்க எழுந்து போவாங்க. அதான் அர்த்தம்."

பெஞ்சே வாயைப் பிளந்தது. அகராதிக்காரர்களின் நல்ல காலம், மனிதருக்கு எழுதத் தெரியாது; எல்லாம் காதால் கற்றது.

பெஞ்சில் சொன்னது மறுநாள் காலையில் குழாயடிக்கு வந்துவிடும். அங்கே குடத்தோடு நின்ற அவர் மனைவி பாப்பம்மாவின் காதிலும் விழுந்தது.

வீட்டில் அவர் பாப்பம்மாவை அழைப்பது "இன்னாமே". பின்னாலேயே வெந்நீர், வெற்றிலை, துண்டு. பாவம், அந்த அம்மாளுக்கு மூட்டுவலி. ஆறு மாதமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. போன வாரம் பாப்பம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் இவர் கட்டிலிலிருந்து "இன்னாமே, தண்ணி" என்றிருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல் விட்டதும் பாப்பம்மா டிரங்குப் பெட்டியை இறக்கினார். வியாழக்கிழமை ரயிலில் குடியாத்தத்து மகள் வீட்டுக்குப் பயணம். திரும்பி வருவதாகப் பேச்சில்லை.

புதன்கிழமை ராஜமாணிக்கம் டீயைச் சாசரில் ஊற்றவே இல்லை. "அவ பூட்டான்னா நான் இன்னாடா பண்ணுவேன்?"

"அந்த வார்த்தைய அண்ணிகிட்ட சொல்லித்தான் பாருங்களேன்" என்றான் டேவிட்.

வேடிக்கை பார்க்கும் புத்தி யாரை விட்டது? நானும் கூடவே போனேன்.

பாப்பம்மா பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போல் கட்டிலில் அமர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். தொண்டையைக் கனைத்தார்.

"ஸ்வீட்ஹார்ட்..."

"இன்னா வோணும்?" பாப்பம்மா திரும்பவே இல்லை. "வெந்நி அடுப்புல கீது. இன்னிக்கு நான் உக்காந்துகினு கீறேன். நீ எழுந்து போ."

மனிதர் தொப்பியைக் கட்டிலில் வைத்தார். அப்புறம் எழுந்தார். அடுப்படியில் ஏதோ உருண்டது. வெந்நீர்க் குண்டானோடு வந்து, தரையில் குந்தி, தோள் துண்டை நனைத்துப் பிழிந்து பாப்பம்மாவின் வலது முழங்காலில் வைத்தார்.

சற்று நேரம் கழித்து, பாப்பம்மா இடது காலையும் நீட்டினார்.