முள்கம்பி வாசலில் கைகளை நீட்டுகிறோம்

பத்தாங் பெர்ஜுந்தாய் சாலைக்கு வரும் வழியில், ரப்பர் தோட்டத்தின் முள்கம்பி வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. மலாயாவில் இது அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, ஒரு பிடி அரிசிகூட வெளியே விடுவதில்லை. பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் சோதனைக்கு வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளைச் சேலையும் தோள்பையுமாக நானும் நிற்கிறேன். தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. இன்று பொதுச் சுகாதாரம் படிக்கச் சிங்கப்பூர் கிளம்புகிறேன்.

சோதிக்கும் பெண் வாய் திறக்கும் முன்பே எல்லாரும் கைகளை நீட்டித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

"நல்லாப் பழகிட்டீங்க," என்கிறேன் எனக்கு முன்னால் நிற்பவளிடம்.

"எம் மவளும் தெனம் ஸ்கூல்ல இப்படித்தாங்க நிக்கிறா. எங்கூட பால் வடியுற மங்கு தொடைக்க வந்தா மறுநாளும் கையில கறை இருக்கும். சோப்புக்குப் போவாது. வெளிய நிறுத்திடுறாங்க."

"வாத்தியார்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்லா. பாவம், அவரு என்ன செய்வாரு. கறைக் கையோட உள்ள விடக் கூடாதுன்னு மேலேருந்து யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம்."

எழுதிக் கொடுத்தது நான். அந்தச் சுகாதாரப் பாடத்தைப் பார்த்துத்தான் சிங்கப்பூரில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

என் முறை வருகிறது. பேனா மை படிந்த விரல்களை நீட்டுகிறேன்.

சோதிப்பவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"டீச்சருக்கு வேணாம்லா. நீங்க போங்க."