ஆற்று மணலில் டிரில் டீச்சர்

எழுபதுகளின் கடைசியில் நான் தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களிடம்தான் பதிவு செய்ய வேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரத்தில்தான் எழுந்திருப்போம். கை வேலை செய்யும், வாய் வேலை செய்யும், மிச்ச உடம்பு நாற்காலியில் சும்மா கிடக்கும். சாயங்காலம் யாராவது ஒருத்தி எதிர்க்கடையிலிருந்து உளுந்த வடை வரவழைப்பாள். அத்தனை வருஷத்தில் வெள்ளரிப்பிஞ்சு வரவழைத்தவள் ஒருத்திகூட இல்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்து, பால் குடியை மறந்து, பள்ளிக்கூடத்துக்கும் போகத் தொடங்கிவிட்டான். அந்தச் செய்தி என் உடம்புக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு முறை ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போதும் டெய்லர், "துணி கொஞ்சம் கூடுதலா எடுத்துட்டு வாங்கக்கா" என்பார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் பஸ் தாமதமாகி, மாடியிலிருக்கும் சுவிட்ச் ரூமுக்குப் படிகளில் வேகமாக ஏறி வந்து உட்கார்ந்தேன். திண்டுக்கல்லைக் கூப்பிட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. மறுமுனையில் இருந்த திண்டுக்கல் ஆபரேட்டர் பதறிவிட்டாள்.

"யாருடி அது, அழுகுறியா? வீட்டுல எதுவும் துக்கமா?"

"மாடி ஏறி வந்தேன்டி" என்று சொல்வதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்தது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இரண்டு முறை பார்த்தார். "இந்த வயசுக்கு பிரஷர் ஜாஸ்தி. மாத்திரையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். நடக்கிறதைத் தள்ளிப் போட முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீடு ஆரப்பாளையத்தில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில். விடியக்காலையில் கிளம்பி வேகமாக நடந்தேன். அந்த நாளில் ஒரு பொம்பளை காலை நேரத்தில் தனியாக வேகமாக நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் நிமிர்ந்து, "என்னத்தா, யாருக்கு என்ன?" என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் நம்பவில்லை. மூன்றாம் நாள் கோடி வீட்டுக்காரம்மா பின்னாலேயே ஓடி வந்து, "நோயாளிக்கு ஆத்திக் குடு" என்று ஒரு பிளாஸ்க் காப்பியைக் கையில் திணித்துவிட்டார். அதை ஆற்றங்கரையில் உட்கார்ந்து நானே குடித்துவிட்டுத் திரும்பினேன். அத்தோடு தனி நடை முடிந்தது.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். அவள் சந்தில் ஒரு பெண் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாளாம். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கத்து ஊர், விவசாயக் குடும்பம். மாவட்டத்துக்குக் கபடி ஆடியவள். விளையாட்டு ஆசிரியர் படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

"சம்பளம் பேசி வச்சுக்க. உன்னைய ஓட விட்டுருவா" என்றாள் தோழி.

பயிற்சியாளர் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் வாயில் கிடையாது. டிரில் டீச்சர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒல்லி, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தாள், முழங்கையில் பழைய தழும்புகள். உட்காரச் சொன்னேன். உட்காராமலே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு எட குறையணுமா, மூச்சு வாங்காம இருக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப மொதல்ல மூச்சப் பாப்போம். எட அதுபாட்டுக்குப் பின்னாடியே வரும்" என்றவள், யோசித்து, "இல்லக்கா, போயிரும்" என்று திருத்திக்கொண்டாள்.

மில்லில் வேலை பார்த்த என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஓடுறதுக்கு ஒரு ஆளு, அதுக்குச் சம்பளமா? கம்ப எடுத்துட்டு நான் வெரட்டுறேன், நீ ஓடு." ஆனாலும் அன்று சாயங்காலமே எனக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கக் கூட வந்தார். கடைக்காரர் என் காலை அளக்காமல், "பையன் எத்தனாம் வகுப்பும்மா?" என்றார். பெண்களுக்கு அந்த ஷூ இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் அளவு எனக்குப் பொருந்தியது.

என் மாமியாருக்குத்தான் கவலை. "அத்தை, டாக்டரம்மா சொன்னதுதான்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா நம்ம தெருவுலயா குடியிருக்கா? ஆளு வச்சு ஓடுறான்னு நான் எப்பிடித்தா வெளியில சொல்றது?" என்றார்.

ஒரு ராத்திரி யோசித்து அவரே வழி கண்டுபிடித்தார். மறுநாள் தெரு முழுக்கச் செய்தி பரவியது: மருமகள் திருப்பரங்குன்றம் முருகனுக்கு வேண்டுதல் வைத்து நடக்கிறாள், துணைக்கு வருவது தூரத்து உறவுக்காரப் பெண். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் நிறுத்தவில்லை. பதிலாக, "எங்க வீட்டுக்கும் சேத்து ஒடச்சிருத்தா" என்று தேங்காய் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்தவர் தேங்காயை என்ன செய்வது? மாதம் ஒருமுறை நானும் டீச்சரும் தேங்காய்ப் பையோடு பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போய், எல்லார் பேரிலும் உடைத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ் ஏற அவள் விடமாட்டாள். ஆரப்பாளையம் வரைக்கும் நடைதான். உடைத்த தேங்காய்ப் பையைச் சுமப்பதும் பயிற்சியில் சேர்த்தி என்றாள்.

மற்ற நாட்களில் வைகை மணல்தான் எங்கள் மைதானம், ஆற்றுப் பாலத்தின் தூண்கள்தான் தூரக் கணக்கு. வருஷத்தில் பாதி நாள் அதில் தண்ணீர் இருக்காது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் நாள் இறங்கினேன். மணல் காலை இழுத்தது. சலவைத் துணி காயப்போட விரித்திருந்ததைப் பார்க்காமல், வரிசையாகக் கிடந்த வேட்டிகளின் மேல் போய் விழுந்தேன். துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கத்தினார்.

"ஏம்மா, அம்புட்டு ஆறு கெடக்கு, எங்க வேட்டியிலதான் விழணுமா?"

நானும் டீச்சரும் சேர்ந்து அந்த வேட்டிகளை அலசிப் பிழிந்து கொடுத்தோம். "குனிஞ்சு நிமிர்ற பயிற்சி இன்னைக்கு இதுலயே முடிஞ்சுச்சு" என்றாள் அவள். ஒரு மாதத்துக்குள் அந்த அம்மாளே எனக்கு இன்னொரு டீச்சர் ஆகிவிட்டார். நான் பாதியில் நின்றால், "நேத்துப் பாலத்தூணு வரைக்கும் வந்தீகள்ல, இன்னைக்கு என்ன கேடு?" என்று துறையிலிருந்தே சத்தம் போடுவார்.

ஒருநாள் டீச்சர் மணலில் காலால் ஒரு கோடு கிழித்தாள். "அக்கா, கபடி கபடின்னு ஒரே மூச்சுல சொல்லிக்கிட்டுப் போங்க. எங்க மூச்சு விடுதோ அங்க நில்லுங்க."

ஓட வேண்டாம், நடந்தால் போதும் என்றாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். எங்கே நிற்பது என்று தெரியாமல் திரும்பியும் வந்தேன். கோட்டைத் தாண்டி அவளையும் சுற்றி வந்த பிறகுதான் மூச்சு முடிந்தது. இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க டீம்லயே இம்புட்டு மூச்சு யாருக்கும் இல்லக்கா. எங்க புடிச்சீங்க இத?"

எனக்கும் புரியவில்லை. பிறகு யோசித்தால் வேறென்ன, வேலைதான். நாள் முழுக்க நிறுத்தாமல், "ஹலோ மெட்ராஸ், ஹலோ மெட்ராஸ், மூணு நிமிஷம் ஆச்சு, தொடரணுமா?" என்று பேசுகிறவளுக்கு மூச்சு நீளாமல் என்ன செய்யும்?

"அப்ப மாடி ஏறுனா ஏன் வாங்குது?" என்றேன்.

"மூச்சு இருக்கு, காலுதான் இல்ல. கால நான் தாரேன்" என்றாள்.

தந்தாள். உட்கார்ந்து எழுந்திருக்க வைத்தாள், மணலில் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓட வைத்தாள். வடையை நிறுத்தச் சொல்லவில்லை. "தின்னுங்க. மறுநாள் ஒரு தூணு கூட ஓடணும், அம்புட்டுத்தான்" என்றாள். வடையைக் கையில் எடுத்தால் பாலத்தூண் கண்ணில் தெரிந்தது. தானாகவே குறைந்தது.

அவள் சாப்பாடு வேறு கணக்கு. ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இட்லி வைப்பார் என் மாமியார். அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்து, "இவ ஒன் ஒடம்பக் குறைக்க வந்தாளா, எங்க இட்லிப் பானையக் குறைக்க வந்தாளா?" என்பார். சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டை எடுத்து வைப்பார்.

ஆறேழு மாதத்தில் மாடிப்படியில் தோழிகளை முந்தி ஏறினேன். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம். என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார்.

அந்தப் பொங்கலுக்கு டீச்சர் எங்கள் குடும்பத்தையே தன் ஊருக்குக் கூப்பிட்டாள். கரும்புத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமியாரும் கிளம்பினார். வாடிப்பட்டியில் இறங்கி மாட்டுவண்டியில் போனோம். பானை உடைப்பு, கயிறு இழுப்பு என்று ஊரே மைதானத்தில் இருந்தது. அந்த வருஷம் பெண்களுக்கும் கபடி நடத்த வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவள் அப்பா அதிகம் பேசாத மனிதர். அன்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எம்மக ஜெயிச்ச கப்ப டீக்கடையில வச்சு வாரவுக போறவுககிட்டயெல்லாம் காட்டுறீக. கப்பு மட்டும் வேணும், ஆட்டம் வேணாமா?"

மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்யாணமானவர்கள் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. ஒருத்தியை அவள் கணவர் விடவில்லை. எதிர் அணியில் நின்ற டீச்சர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"வாங்கக்கா, வந்து நில்லுங்க!"

"நான் வெளியூருக்காரி" என்றேன்.

"கல்யாணம் ஆயிருச்சுல்ல, அது போதும்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் கையிலிருந்த கரும்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, "போ, போ" என்று என்னை முன்னால் தள்ளினார்.

என் முறை வந்ததும் கோட்டைத் தாண்டினேன். துள்ளவும் பாயவும் எனக்குத் தெரியாது. கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு கடைவீதியில் காய்கறி பார்க்கிற மாதிரி இங்கும் அங்கும் நடந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மூச்சு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடியவில்லை. "விட்டுருவா, விட்டுருவா" என்றார்கள், நான் விடவில்லை. கடைசியில் பொறுமையிழந்து ஒருத்தி என் காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள், டீச்சர் தோளைப் பிடித்தாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோடு இருக்கிற திசை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்தாமல் முன்னால் விழுந்தேன். என் கை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

மூன்று பேரும் அவுட். மேளக்காரர்கள் அடித்த அடியில் காது அடைத்தது. அதையும் மீறி ஒரு குரல் கேட்டது.

"எங்க வீட்டு மருமக! டெலிபோன்ல வேல பாக்குறா! ஆளு வச்சுத் தெனமும் ஆத்துல ஓடுறா!"

என் மாமியார் மாட்டுவண்டியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். டீச்சர் மறுபடி உள்ளே வந்து எங்களை ஒவ்வொருவராகத் தொட்டு வெளியே அனுப்பினாள். முழங்கை சிராய்ப்போடு நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து, மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, மிச்சம் இருக்கிற எடைய அப்பிடியே வச்சுக்கிருங்க. ஒல்லியான ஆளா இருந்தா இழுத்துப் போட்டுருப்போம். நீங்க டிராக்டர் மாதிரி வாரீங்க."

ஊருக்குத் திரும்பியதும் வேண்டுதல் கதையை மாமியாரே போட்டு உடைத்துவிட்டார். அன்று சாயங்காலம் தெருவில் வாசல் வாசலாக என் ஆட்டத்தை நடித்தே காட்டினார். யாரும் கோபப்படவில்லை. மறுவாரம் கோடி வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கி வந்து, "எனக்கும் முட்டி வலிக்குது, அந்தப் புள்ளகிட்டக் கேட்டுச் சொல்றியா?" என்றார். பிறகு இன்னும் இருவர் வந்தார்கள். ஆற்று மணலில் நாங்கள் ஒரு சின்னக் கூட்டமானோம்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் டீச்சருக்கு வேலை வந்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பஸ் ஏற்றிவிடப் போனபோது எனக்கு அழுகை முட்டியது. அவளோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாளைக்கு லீவு விட்டுறாதீங்கக்கா! நான் அங்க அஞ்சரைக்கு மைதானத்துல நிப்பேன், நீங்களும் நிக்கணும்" என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

மறுநாள் காலையில் நாங்கள் நாலு பேரும் ஆற்றுக்குப் போனால் மணலைக் காணோம். ராத்திரி அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் முதலில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீரில் நடப்பது மணலில் நடப்பதைவிடக் கனமாக இருந்தது. சேலை நனைந்து, பேச்சும் சிரிப்புமாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தோம். அக்கரையில் செல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. நாலு பொம்பளைகள் சொட்டச் சொட்ட வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரர் பாலை அடுப்பில் வைப்பதை மறந்து நின்றார்.

"நாலு டீ, சீனி கம்மியா" என்றேன்.