சலித்தாலும் போகாதது

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலே பேர். ரொட்டிக் கம்பெனி முதலாளி, அவர் மச்சினனான மேஸ்திரி, அடுப்புக்காரர், மாவு பிசைகிற நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் இருந்தது கம்பெனி. மூடுபனிக் காலத்தில் மைதா ஈரம் வாங்கிக் கட்டியாகிவிடும் என்று, மூட்டைகளை அடுப்பின் பின்சுவரோடு ஒட்டி அடுக்கச் சொல்வார் முதலாளி. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே விளக்குமாறு நுழையாது. எலி நுழையும். அந்தக் கதகதப்பில் குட்டி போட்டுக் குடும்பமே நடத்தும். தள்ளி அடுக்கலாம் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "உனக்குக் கனாவுலயும் எலிதான் வருமா?" என்று இளிப்பான் மேஸ்திரி.

அன்று பிசைவதற்காக ஒரு மூட்டையை இழுத்தேன். அடியில் கிழிசல். மாவெல்லாம் புழுக்கை. சாக்கில் மஞ்சள் கறை, குப்பென்று நாற்றம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சலிச்சுப் போடு. சாயந்தரம் ஹாஸ்டலுக்கு பன் போகோணும்."

"ஏனுங்க, புழுக்கையச் சலிக்கலாமுங்க. மூத்திரத்த எப்படிங்க சலிக்கிறது?"

"அடுப்புச் சூட்டுல எல்லாம் செத்துரும். வாய மூடிட்டுப் பெசை."

"அப்ப மொதப் பன்ன நீங்க தின்னுங்க."

"நொம்பத்தான் வாய் நீளுது," என்றான் மேஸ்திரி. "வேல வேணுமா, ஊட்டுக்குப் போறியா?"

அடுப்புக்காரர் சொன்னால் முதலாளி கேட்பார். அவரோ நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற இருவரையும்விட அவர்மேல்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

வேலை போனால் வாழவந்தி கிராமத்தில் என் வீட்டில் உலை கொதிக்காது. ஹாஸ்டல் பிள்ளைகள் வாந்தி எடுத்தாலோ, பிசைந்தவளைத்தான் பிடிப்பார்கள். பிள்ளைகளில் ஒன்று செத்துப்போனால்? அதற்குமேல் நினைக்க முடியவில்லை. அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னை எடுத்து மூட்டைமேல் அப்படியே கவிழ்த்தேன்.

"இப்பச் சலிங்க."

மேஸ்திரி என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். கடையில் புது மாவு வாங்கி, இருட்டிய பிறகு பன் அனுப்பினார்களாம். மூட்டைக்கும் மண்ணெண்ணெய்க்கும் சரியாகப் போயிற்று என்று என் மாதக் கூலியை முதலாளி தரவேயில்லை. எலி தின்றதும் என் கணக்கில்தான். அந்த ஆள் எனக்குத் தர வேண்டிய பாக்கி இன்னும் நூற்றிருபது ரூபாய்.