நாற்பத்தொன்றாம் கார்டிலிருந்து முகம் மாறியது

1. திங்கட்கிழமை போன்

திருத்தங்கலில் ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கான லேபிள்தான் எங்கள் முக்கிய வேலை. அடையாள அட்டையும் அடித்துத் தருவோம். நான் செய்த தவறுகளிலேயே பெரியது ஒரு அடையாள அட்டை வேலையில்தான் நடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று அதை எழுதுகிறேன்.

அன்று திங்கட்கிழமை. காலை எட்டேகால் இருக்கும். நான் அப்போதுதான் பஸ்ஸில் இருந்து இறங்கி அச்சகத்துக்குள் நுழைந்தேன். முதலாளி வாசலிலேயே போனோடு நின்றுகொண்டிருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

“ஏம்மா ஜெயந்தி, வெம்பக்கோட்டை கம்பெனிக்கு அடிச்ச கார்டுல மூஞ்சி அம்புட்டும் மாறி இருக்காம். பொம்பளையாளுக எல்லாம் கேட்டுக்கு வெளியில நிக்காகளாம். என்னத்தப் பண்ணி வச்ச?”

பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன்.

அந்தப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் நூற்று எண்பத்தாறு பெண்களுக்குச் சனிக்கிழமைதான் கார்டு அடித்துக் கொடுத்திருந்தோம். திங்கட்கிழமை அங்கே ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது. அதனால் கார்டு இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று கம்பெனியில் உத்தரவு. வாட்ச்மேன் காலையில் டோக்கன் நம்பர் வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கார்டைக் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறார். நாற்பது பேர் போய்விட்டார்கள். நாற்பத்தொன்றாவது ஆளின் கார்டில் வேறு ஒருவரின் முகம். அதற்கு அடுத்ததிலும் அப்படியே. கடைசி கார்டு வரைக்கும் அப்படியே. நூற்று நாற்பத்தாறு பேர் வெளியே நின்றுவிட்டார்கள்.

2. மூன்று நொடி வேலை

எப்படி நடந்தது என்று புரிய, நாங்கள் அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

எங்களிடம் கார்டு அடிக்கும் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. பழையது, ஆனால் நன்றாக உழைக்கும். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அந்த ஒரு பிரிண்டருக்காக ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்றைக்கும் வைத்திருக்கிறோம். கார்டு சாப்ட்வேர் ஒவ்வொருவரின் படத்தையும் டோக்கன் நம்பரை வைத்துத்தான் தேடும். 2318 டோக்கன் என்றால் 2318.JPG என்ற படத்தை எடுத்துக்கொள்ளும். கேமராவோ IMG_0001, IMG_0002 என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும். ஆகவே அத்தனை படத்துக்கும் பெயர் மாற்றியாக வேண்டும்.

எக்ஸ்பியில் எல்லாப் படத்தையும் மொத்தமாகப் பிடித்துப் பெயர் மாற்றினால் ஒரே பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிடும். நமக்கு உதவாது. கட்டளைகளை டைப் செய்யும் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் நான் ஒரு வழி வைத்திருந்தேன். dir /b என்று அடித்தால் போல்டரில் உள்ள படங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதை எக்செல்லில் ஒட்டி, பக்கத்துப் பத்தியில் கம்பெனி கொடுத்த டோக்கன் வரிசையை ஒட்டுவேன். படமும் அதே வரிசையில்தான் எடுக்கப்படும். இரண்டையும் சேர்த்து இப்படி வரிகள் ஆக்குவேன்:

ren IMG_0001.JPG 2301.JPG

இப்படி நூற்று எண்பத்தாறு வரி. அதை நோட்பேடில் ஒட்டி, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் பைலாகச் சேமித்து ஓடவிட்டால் மூன்று நொடியில் எல்லாப் படமும் டோக்கன் நம்பருக்கு மாறிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பக்கத்து அச்சகங்களில் இருந்துகூட என்னிடம் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தேன். படத்தின் எண்ணிக்கையைப் பார்த்தேன், நூற்று எண்பத்தாறு. பட்டியலிலும் நூற்று எண்பத்தாறு. முதல் பத்துப் படத்தின் நம்பரைப் பட்டியலின் வரிசை எண்ணோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

3. இல்லாத நம்பர்

திங்கட்கிழமை காலையில் அந்தப் பேட்ச் பைலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். நாற்பதாம் வரியில் IMG_0040. நாற்பத்தொன்றாம் வரியில் IMG_0042. நடுவில் 41 இல்லை. கடைசி வரிக்குப் போனேன். IMG_0187 என்று இருந்தது. அந்தப் படத்தைத் திறந்தேன். மற்ற எல்லோரும் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, இந்த ஒரு அம்மா மட்டும் வெளியில் ஒரு சுவரோரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

படம் எடுத்த செல்வத்துக்கு உடனே போன் போட்டேன். அவர் எங்களுக்கு வழக்கமாகப் படம் எடுத்துத் தரும் ஸ்டுடியோக்காரர்.

“ஆமாக்கா, ஒரு அம்மா பிளாஷ் அடிச்சதும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாக. மறுபடி எடுக்கலாம்னு நாலு தடவ சொல்லியும் தொறக்கல. உடம்பே நடுங்குது அவுகளுக்கு. சரின்னு அந்தப் படத்தை அழிச்சிட்டு, எல்லாரையும் முடிச்ச பெறகு வெளியில நிக்க வச்சு பிளாஷ் இல்லாம எடுத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே செல்வம்?”

“சொல்லணும்னு எனக்குத் தோணலக்கா.”

அவ்வளவுதான் விஷயம். பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக இருந்த அந்த அம்மாவின் படம் கடைசிக்குப் போய்விட்டது. அவர் இடத்துக்கு அடுத்தவர் படம் வந்தது. அங்கிருந்து எல்லோரும் ஒரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். எண்ணிக்கை மட்டும் சரியாகவே இருந்தது.

பதற்றத்தில் ஒரு பேட்ச் பைல் எழுதி, பட்டியல் வரிசைப்படி 41-ஐ 42 ஆக்கு, 42-ஐ 43 ஆக்கு என்று மேலிருந்து ஓடவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பெயரில் ஏற்கெனவே பைல் இருக்கிறது என்று திரை முழுக்கப் பிழை ஓடியது. ஒரு படமும் மாறவில்லை. அப்போதுதான் நின்று மூச்சு விட்டேன். நான் மூலப் படங்களுக்கு நகல்கூட வைக்கவில்லை. செல்வமும் கேமராவைக் காலி பண்ணிவிட்டார். பெயர் மாற்றும் ரென் கமாண்டு ஒரு பைலின் மேல் இன்னொன்றை எழுதாது என்பதால் தப்பித்தேன். அதுவே பைலை நகர்த்தும் மூவ் கமாண்டாக இருந்திருந்தால் பேட்ச் பைலுக்குள் கேட்காமலே மேலெழுதியிருக்கும். முகங்கள் போயே போயிருக்கும்.

முதலில் போல்டரை நகல் எடுத்தேன். கடைசிப் படத்தை வேறு பெயருக்கு மாற்றி ஒதுக்கி வைத்தேன். பிறகு கீழிருந்து மேலாக, 185-ஐ 186 ஆக்கு, 184-ஐ 185 ஆக்கு என்று நகர்த்திக்கொண்டே போய், கடைசியில் காலியான 41-ஆம் இடத்தில் அந்த அம்மாவை வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு முகமும் ஒரு இடம் தள்ளி வந்திருக்கிறதா என்று நகலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு கார்டு அடிக்க முக்கால் நிமிடம். நூற்று நாற்பத்தாறு கார்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

4. யார் தலையில் விழுந்தது

பாதி கார்டு அடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சிக்கு மறுபடி போன் வந்தது. கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் போர்மேன். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, உங்க மேல தப்பில்ல. இங்கன பேச்சித்தாய்னு ஒரு பொம்பள. போட்டோவுக்கு ஒழுங்கா உக்காராம அழிச்சாட்டியம் பண்ணி, தனியா எடுக்க வச்சிருக்கா. அவகிட்ட இருந்துதான் அம்புட்டும் தப்பாப் போயிருக்கு. அவளை நாளையில இருந்து வராதன்னு சொல்லிட்டேன்.”

போனை வைத்ததும் நான் சொன்னேன். “அண்ணாச்சி, அது அவுக தப்பில்ல. என் தப்பு.”

“நீ ஏம்மா தலையைக் கொடுக்க? நாம ஒண்ணும் சொல்லல, அவுகளே சொல்றாக. இந்த சீசன் லேபிள் ஆர்டர்ல பாதி அந்தக் கம்பெனி. பேசாம வேலையைப் பாரு.”

“படத்தை எப்படி வேணா எடுத்திருக்கட்டும் அண்ணாச்சி. மூஞ்சியையும் பேரையும் சேக்கிறது என் வேலை. நான் முதல் பத்துதான் பாத்தேன். கடைசி ஒண்ணைப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். கடைசி கார்டு பிரிண்டரில் இருந்து விழும்போது பக்கத்தில் வந்து நின்று, “கெளம்பு, வண்டியில ஏறு. நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

5. கேட்டுக்கு வெளியே

நாங்கள் போனபோது பதினொன்றரை. பெண்கள் வேப்பமர நிழலில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலிலும் சிலருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஒரு பெண் காலையில் தனக்குக் கொடுத்த தப்பான கார்டை எல்லோரிடமும் நீட்டி, “இங்க பாருங்கடி, எனக்கு என் நாத்தனா மூஞ்சியக் கொடுத்துட்டாக. இதை வாங்கிட்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவர் மட்டும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக, ரோட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். படத்தில் பார்த்த முகம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பேச்சித்தாயிங்களா? நான்தான் கார்டு அடிச்சவ.”

அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “யம்மா, நான் கண்ணைத் தொறந்திருந்தா உங்களுக்கு இம்புட்டு வேலை இல்லையே. வேணும்னு மூடலம்மா. முந்தி வேற கம்பெனியில இருக்கும்போது பக்கத்து ரூம்ல வெடிச்சிருச்சு. நான் தப்பிச்சேன், கூட இருந்தவ தப்பல. அதுல இருந்து வெளிச்சம் பளிச்சுன்னு பட்டா கண்ணு தானா மூடிக்கிடும். இங்கன வெடிமருந்து ரூமுக்கே போறதில்ல, பெட்டி மடிக்கிற வேலைதான் பாக்கேன். இதையும் விட்டா எங்க போவேன்?”

காலையில் அந்தப் படத்தைத் திறந்தபோது “இந்த ஒரு படத்தால் வந்த வினை” என்று நானும் மனதுக்குள் சலித்துக்கொண்டவள்தான்.

எழுந்து போர்மேனிடம் போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். “சார், அவுக மேல ஒரு தப்பும் இல்ல. படத்துக்குப் பேர் மாத்தும்போது நான் கடைசி வரைக்கும் பாக்கல. அதுதான் நடந்தது.”

“அப்பக் கம்ப்யூட்டர் தப்பா?” என்றார் அவர்.

“கம்ப்யூட்டர் நான் சொன்னதைத்தான் செஞ்சது. தப்பு என்னோடது.”

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி, “என் ஆளு சொல்றதுதான் நிசம். அந்தம்மாவ உள்ள விடுங்க. ஆர்டரைப் பத்தி நாம பெறகு பேசுவோம்” என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போர்மேனும் கெட்டவர் இல்லை. அதிகாரிகள் வருகிற நாளில் கேட்டுக்கு வெளியே நூற்று நாற்பத்தாறு பேர் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். அந்த அம்மா பக்கம் திரும்பி, “பேச்சித்தாய், கார்டை வாங்கிட்டு உள்ள போங்க” என்றார். காலையில் ‘அவ’ என்றவர் இப்போது ‘போங்க’ என்றதை நான் கவனித்தேன். அந்த அம்மா கார்டை வாங்கித் தன் முகத்தை ஒரு நொடி பார்த்தார். “கண்ணு தொறந்துதான் இருக்கு” என்று என்னிடம் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அத்தனை பேருக்கும் அரை நாள் வேலை போனது போனதுதான். அதை நான் எப்படியும் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தக் கம்பெனியின் லேபிள் ஆர்டர் அந்த வருடம் எங்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது எங்களிடம் படம் எடுக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் டோக்கன் நம்பர் எழுதிய சிலேட்டு இருக்கும். கார்டுக்கு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பதால் அதில் வராது, ஆனால் படத்தில் இருக்கும். பெயர் மாற்றும் முன் போல்டரை நகல் எடுப்பேன். பேட்ச் பைல் ஓடி முடிந்ததும் முதல் பத்துப் படத்தோடு நிறுத்தாமல் நடுவில் சிலதையும் கடைசிப் படத்தையும் திறந்து பார்ப்பேன். இவையெல்லாம் ஒரு நாளில் பழகிவிடக்கூடிய வேலைகள்.

பழக நாளானது இன்னொன்று. நம் தவறைத் திருத்தி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். அப்படி உட்கார்ந்துவிடாதீர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்கு வெளியே, நமக்காக யார் திட்டு வாங்கினார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். யாராவது இருந்தால், நேரில் போங்கள்.