முன்பாரம்

அத்திம்பேரின் காருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது. அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனி ஒன்றில் அதிகாரி. எழுபதுகளின் தொடக்கத்தில், தன் ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தக் காரை வாங்கி, அடையாறு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முன்மூடியைத் திறக்கச் சொல்லி எஞ்சினைத் தேடினார்கள். உள்ளே பெட்டி வைக்கிற காலி இடமும் ஸ்டெப்னியும்தான். "இன்னா சார், இஞ்சினு இல்லாமயே ஓட்டிக்கினு வந்துட்டியா?" என்று தெருமுனை இஸ்திரிக்காரர் கேட்டார். அத்திம்பேருக்கு அதில் பரம சந்தோஷம்.

நான் அப்போது கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். மற்றவர்கள் யோசித்ததைச் சுத்தமாகக் கோடு போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. இது எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் என்ஜினியர். ரேடியோ கரகரத்தாலும் நான்தான், குழாய் ஒழுகினாலும் நான்தான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்திம்பேர் திருவான்மியூர் தாண்டி மகாபலிபுரம் சாலையில் ஓட்டுவார். அப்போது அங்கே மணலும் சவுக்கும்தான், ஆள் நடமாட்டம் குறைவு. கார் ஐம்பது மைல் வரை ஒழுங்காகப் போகும். அறுபதைத் தொட்டால் மூக்கு லேசாகிவிடும். பாரமெல்லாம் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் பட்டும் படாமலும் ஓடும். கடற்காற்று பக்கவாட்டில் அடித்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடும். "ஸ்டீரிங் என் கையில இருக்கு, கார் என் கையில இல்லை" என்பார். பயந்துபோய் ஐம்பதுக்கு இறக்கிவிடுவார்.

அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவரை ஓட்டாதேங்கோன்னு சொல்ல எனக்கு மனசு வரலைடா. நாள் பூரா வேலை வேலைன்னு அலையறார், இது ஒண்ணுதான் அவருக்குக் குஷி. நீ பார்த்து அது ஆடாம பண்ணிக் குடு. அவர் முழுசா ஆத்துக்கு வரணும், அவ்வளவுதான் எனக்கு."

மூர் மார்க்கெட்டில் பழைய வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்தேன். இந்த மாதிரிக் காருக்குப் பின்டயரைவிட முன்டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "நாலும் நம்ம புள்ளைங்கதானே நைனா, ரெண்டுக்கு மட்டும் கம்மியா ஊட்டுனா எப்டி?" என்று நான் திரும்பின நேரத்தில் நான்கிலும் சமமாக அடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கைப்பம்பும் அளவுமானியும் வாங்கி நானே அடித்தேன். ஆட்டம் பாதி குறைந்தது. மீதிப் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தி.நகரில் பஸ்ஸுக்கு நின்றபோது அதற்கும் வழி கிடைத்தது. எதிரே ஒரு மாட்டுவண்டி, பின்னால் மூட்டைகள் அதிகம். நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் இறங்கி, "முன்பாரம் பத்தலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு மூட்டையை முன்னால் இழுத்துப் போட்டார். நுகத்தடி அடங்கிவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

முதலில் காரின் முன்மூடிக்குள் இருந்த காலி இடத்தில் மணல் மூட்டை வைத்தேன். இரண்டே வாரத்தில் சாக்கு கிழிந்து மணல் கண்ட இடத்திலும் புகுந்தது. பிறகுதான் எங்கள் வீட்டு அம்மி ஞாபகம் வந்தது. பாண்டி பஜாரில் மிக்ஸி வாங்கியதிலிருந்து அது கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்து கிடந்தது. தட்டை, தாழ்வு, நல்ல கனம். இதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் கடையில் சொல்லிச் செய்ய முடியாது.

"உங்கக்கா கல்யாணத்துல மிதிச்ச கல்லுடா, அதைப் போய்க் கார்ல போடறேன்கறயே" என்று அம்மா ஆட்சேபித்தாள். "இப்பவும் அவ ஆத்துக்குத்தானேம்மா போறது" என்றேன். பதில் சொல்வதில் நான் என்றைக்குமே கெட்டிக்காரன்.

அம்மியை எப்படிப் பொருத்துவது என்று அளவெடுத்துப் படமே வரைந்தேன். பிரேக் போட்டால் கல் முன்னால் பாயும். ஆகவே அதற்கு முன்னால் இரண்டு ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். மேலே தேங்காய்நார்க் கயிறு நான்கு சுற்று. கல்லுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு, தகட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டுகிறவரின் கால்கள். படத்தில் முன்பக்கமாக ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டு 'பிரேக்' என்று எழுதியிருந்தேன். பின்பக்கமாக அம்புக்குறி எதுவும் போடவில்லை. கார் பின்னால் போய் எதிலாவது மோதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். எழுபது மைலில் கார் நூல் பிடித்தது போல ஓடியது. அத்திம்பேர் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் முதுகில் ஓங்கி அடித்தார். "ரயில் மாதிரி போறதுடா!" அன்று மாலை டென்னிஸ் கிளப்பில் எல்லோரிடமும் 'என் மச்சினன் செய்தது' என்று சொன்னாராம். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

இப்போது யோசித்தால் புரிகிறது. அந்த ஆட்டம்தான் அவரை ஐம்பதில் நிறுத்தி வைத்திருந்தது. நான் ஆட்டத்தை எடுத்தேன், கூடவே அவருடைய பயத்தையும் எடுத்துவிட்டேன். வளைவில் அந்தக் காருக்கு வேறொரு கெட்ட குணம் உண்டு. திரும்பும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் கனமான பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். அதற்கு அம்மி வைத்தியம் இல்லை. அதையும் பத்திரிகையில் படித்து அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் தனியாகப் போனார். பாலவாக்கம் தாண்டி ஒரு வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. யாருடைய காலாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை விட்டுத் தானாகவே தூக்கிக்கொள்ளும். கார் அப்படியே திரும்பி, பின்பக்கமாகவே போய்ச் சவுக்கு மரங்களில் இடித்து நின்றது. அங்கிருந்த மீனவர்கள் அவரைத் தூக்கி, வந்த லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையில் காயமில்லை, மார்பில் காயமில்லை. இடது பாதம் மட்டும் நசுங்கிப் போயிருந்தது.

காரைப் பார்க்க நான்தான் போனேன். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. ரீப்பர் கட்டைகளில் ஒரு ஸ்க்ரூவும் அசையவில்லை. கார் பின்னால் போய் நின்ற வேகத்தில் அம்மி கயிற்றிலிருந்து வழுக்கி, தகட்டைக் கிழித்துக்கொண்டு கிளச் பெடல் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கயிறு முடிச்சோடு அப்படியே கிடந்தது. அது என் முடிச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனேன். நான் உள்ளே நுழையும்போது அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அவன் கெட்டியாத்தான் கட்டியிருந்தான். நான்தான் நேத்து ஸ்டெப்னி எடுக்கறச்சே கயித்தை அவுத்துட்டேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தியாடா இவர் பண்ணிண்ட காரியத்தை?" என்று அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, அவள் காப்பி வாங்கி வரப் போன நேரத்தில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னேள்?"

"அவளுக்கு இருக்கிறது நீ ஒரு தம்பி. உன் மேல வெறுப்பு வந்துதுன்னா போகாது. என் மேல கோபம்னா ரெண்டு நாள்ல போயிடும். விடு."

இரண்டு நாளில் போகவில்லை. கணுக்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அவர் டென்னிஸ் மட்டைகளைக் கிளப்பிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனியில் ஊர் சுற்றுகிற வேலையை எடுத்துவிட்டு மேஜை வேலை கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் தங்கள் பங்குக்கு, கல்யாணக் கல்லைக் காரில் போட்டால் வேறென்ன ஆகும் என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கல்லுக்கு என்ன தெரியும்? கட்டியவனுக்குத்தான் தெரியாமல் போயிற்று. ஆனால் அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் மாடிப்படியில் நின்று நின்று ஏறும்போதெல்லாம் அக்கா ஆரம்பிப்பாள். "அவன் ராத்திரி பகலா உக்காந்து படம் போட்டுக் கட்டிக் குடுத்தான். அவுத்ததைக் கட்டறதுக்கு உங்களுக்குக் கை வரலை." அத்திம்பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைப்பார். நான் கூடத்தில் உட்கார்ந்து அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பேன். இப்படி ஏழெட்டு வருஷம். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பிப் போயிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும், என்னை இப்படிப் பார்ப்பதை இவள் நிறுத்திவிடுவாளே என்று இருக்கும். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் கம்பெனி அவருக்கு ஒரு சாதாரணக் காரைக் கொடுத்தது. மடங்காத கணுக்காலை வைத்துக்கொண்டு அவரால் கிளச்சை மிதிக்க முடியாது. தானே ஓட்டக் கற்றுக்கொள்வது என்று அக்கா முடிவு செய்தாள்.

அத்திம்பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரேனே" என்றார், கொஞ்சம் ஆசையோடு.

"ஒண்ணும் வேண்டாம். கயித்தை அவுத்துட்டு மறந்துபோறவர்கிட்ட நான் எதையும் கத்துக்கறதா இல்லை. என் தம்பி சொல்லிக் குடுப்பான்."

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "ஆமா, அவன்கிட்டயே கத்துக்கோ" என்றார்.

அக்கா என் பதிலுக்காகச் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு வரேன்க்கா" என்றேன்.